கூரையில் ஓடுவது புனுகுப் பூனையா?



ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா எழுதிய கடிதம் எங்கள் முன்னால் இருக்கிறது. அவர்கள் லயத்து வீட்டுக் கூரையில் இரவெல்லாம் தடதடவென்று ஓட்டமாம். பகலில் ஏணி வைத்துப் பார்த்தால், மூலையில் ஒரு மூசாங் குட்டிகளோடு சுருண்டு படுத்திருக்கிறது. விரட்டுவதா, விட்டுவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஓர் ஆள் வந்திருக்கிறார். "இது புனுகுப் பூனை. உயிரோடு பிடித்துக் கொடுத்தால் நல்ல பணம் தருகிறேன். சிங்கப்பூரில் புனுகுக்குத் தங்கத்தின் விலை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூத்த மகன் அன்றைக்கே கூண்டு செய்ய மரச்சட்டம் கொண்டு வந்துவிட்டான். "அவர் சொன்னது நிஜந்தானா? பாவம் வருமா? போலீஸ் வருமா?" என்று அம்மா கேட்கிறார்.

மூன்று கேள்விக்கும் பதில் சொல்லத்தான் இன்றைய பேச்சு. சிங்கப்பூர் என்று அந்த ஆள் சொன்னதால், நாங்களும் சிங்கப்பூரிலிருந்தே தொடங்கினோம்.

தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் அக்கரையிலிருந்து வந்துபோகும் உங்களுக்குச் சிராங்கூன் சாலையைப் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை. தேக்கா சந்தையில் தொடங்கிப் பெருமாள் கோயில் வரை நடந்தால் மல்லிகை, சாம்பிராணி, சந்தனம், மசாலைப் பொடி என்று மூக்குக்கு ஓய்வே இராது. அங்கே பூசைச் சாமான் விற்கும் ஒரு பழைய கடையில் போய்ப் புனுகு கேட்டோம். கடைக்காரர் வயதானவர். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புனுகு வாசனை வேணுமா, புனுகே வேணுமா?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றில்லையா என்றோம். சிரித்தார். ஒரு சிறிய ஜவ்வாது டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "வாசனை இதில் இருக்கு. புனுகு எங்க அப்பா காலத்தோட போச்சு" என்றார்.

அங்கிருந்து அராப் ஸ்திரீட் பக்கம் போனோம். காம்போங் கிளாமில் பள்ளிவாசலைச் சுற்றி அத்தர் கடைகள் உண்டு. சாராயச் சத்து சேராத எண்ணெய் வாசனைகளைச் சின்னஞ்சிறு கண்ணாடிக் குப்பிகளில் நிரப்பிக் கொடுப்பார்கள். அங்கேயும் ஏறக்குறைய அதே பதில்தான். கஸ்தூரி என்ற பெயரில் குப்பி இருக்கிறது, மானிலிருந்து வந்ததல்ல. புனுகின் சாயல் உள்ள குப்பியும் இருக்கிறது. அதில் பூனை இல்லை. ஆக, தங்க விலை கொடுத்து மூசாங்கை வாங்கக் காத்திருக்கும் கடை எதையும் நாங்கள் காணவில்லை.

அப்படியானால் புனுகு என்பதே பொய்யா? பொய்யில்லை. நம் பேச்சிலேயே அது ஊறிக் கிடக்கிறது. ஒருவன் செய்த தவற்றை மூடி மறைத்து நல்லதுபோல் காட்டினால், புனுகு பூசுகிறான் என்கிறோம். மாயவரத்தில், கூறைநாட்டுச் சிவன் கோயிலில் சுவாமிக்குப் பெயரே புனுகீசுவரர். ஒரு புனுகுப் பூனை தன் உடம்பிலிருந்து ஊறிய வாசனையைச் சார்த்திச் சிவனை வழிபட்டது என்பது தலவரலாறு. திருவொற்றியூரில் ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடியிருக்கும் ஆதிபுரீசுவரருக்குக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைத் திறந்து புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பிறகு புனுகுத் தைலம் சாத்தும் வழக்கம் பலருக்கும் தெரிந்ததே.

ஜவ்வாது என்ற சொல்லும் இந்த விலங்கோடு தொடர்புடையதுதான். அரபு மொழியில் புனுகுக்கு 'ஸபாத்' என்று பெயர். அது கப்பலேறி நம் பக்கம் வந்து சவ்வாது, ஜவ்வாது என்று ஆயிற்று. மலாயில் 'ஜெபாட்' என்று ஆயிற்று. மலாக்கா வீரன் ஹாங் ஜெபாட்டின் கதை உங்கள் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். அந்தப் பெயரில் உள்ள சொல் இந்த வாசனைப் பொருளைக் குறிப்பதுதான். இன்று டப்பாவில் வரும் ஜவ்வாதோ பெரும்பாலும் வாசனை மரங்களின் பொடியும் தைலங்களும் சேர்ந்த கலவை. பெயர் நின்றது, பூனை போய்விட்டது.

சரி, எந்தப் பூனை? முதலில் அது பூனையே அல்ல. புனுகுப் பூனையும் மரநாயும் தனிக் குடும்பம். பூனைக்கும் கீரிக்கும் ஒருவகையில் உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு. வாசனை வணிகத்துக்குப் போன புனுகில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில், குறிப்பாக எத்தியோப்பியாவில், ஒரு பெரிய இனத்திலிருந்து கிடைத்தது. இந்தியாவில் கிடைத்தது சின்னப் புனுகுப் பூனையிடமிருந்து. மலேசியக் காடுகளிலும் இவற்றுக்கு உறவான இனங்கள் உண்டு. அவை தரையில் நடப்பவை. கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை, வாலில் வளையம் வளையமாகக் கோடு.

உங்கள் கூரையில் இருப்பதைப் பாருங்கள். முகத்தில் முகமூடி போட்டதுபோல் கறுப்பு, முதுகில் மங்கலாக நீளக் கோடுகள், வால் வளையமில்லாமல் ஒரே கருமை, மரமேறுவதில் கெட்டிக்காரன். எடை பொதுவாக 2 முதல் 5 கிலோ. இதுதான் மரநாய். தமிழ்நாட்டில் பனையேறிக் கள் முட்டியில் வாய் வைக்கும் விலங்கு என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதன் நெருங்கிய உறவு. சம்பளநாளில் கள்ளுக்கடைக்குப் போனவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, பாருங்கள்! இந்த இனத்துக்கு 1821இல் அறிவியல் பெயர் வைத்தவர் வேறு யாருமல்ல, சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ். மலாய்க்காரர் சொன்ன 'மூசாங்' என்ற சொல்லையே எடுத்து இலத்தீன் வாலை ஒட்டிவிட்டார்.

மரநாய்க்கும் வாசனைச் சுரப்பி உண்டு. சில இரவுகளில் வீட்டில் யாரும் பாண்டான் இலை போட்டுச் சமைக்காதபோதும் அந்த மணம் வாசலில் வீசும். அது வந்துபோன அடையாளம். அதனால்தான் மலாயில் அதற்கு 'மூசாங் பாண்டான்' என்று பெயர். ஆனால் வாசனை வணிகத்தில் விலை போன புனுகு இதிலிருந்து எடுத்ததல்ல. ஆக, அம்மாவின் முதல் கேள்விக்குப் பதில்: அந்த ஆள் சொன்னது நிஜமில்லை. பின் எதற்காக உயிரோடு கேட்டார்? எங்கள் யூகத்தைச் சொல்கிறோம். காப்பிப் பழத்தை மரநாய்க்குத் தின்னக் கொடுத்து, அதன் எச்சத்தில் வரும் கொட்டையைக் கழுவி வறுத்து 'லூவாக் காப்பி' என்று பெரிய விலைக்கு விற்கிறார்கள். முன்பு காட்டில் பொறுக்கியது போக, பிற்காலத்தில் கூண்டில் அடைத்துக் காப்பிப் பழமாகவே ஊட்டத் தொடங்கினார்கள். அதற்கும் கேட்டிருக்கலாம், இறைச்சிக்கும் கேட்டிருக்கலாம்.

இனிப் பாவம் வருமா என்ற கேள்வி. பாவ புண்ணியம் உங்கள் மனத்துக்குத் தெரியும். புனுகு எப்படி எடுக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறோம்.

புனுகுப் பூனையின் வால் அடியில் ஒரு பை இருக்கிறது. அதில் வெண்ணெய் போன்ற ஒரு பொருள் ஊறும். நாம் வீட்டு வாசலில் எண் எழுதி வைக்கிறோம் அல்லவா? அதுபோல இது தன் எல்லையைக் காட்ட மரத்திலும் கல்லிலும் உரசி வைக்கிறது. இந்தியாவில் கூண்டுக்குள் சந்தனக் கட்டையை நட்டு வைத்து, அது உரசியதை வழித்து எடுப்பார்கள். அது ஓரளவுக்கு மென்மையான முறை. எத்தியோப்பியாவில் நடந்தது வேறு. காட்டில் ஆண் விலங்கைப் பிடித்து, உடம்பைத் திருப்ப முடியாத அளவுக்கு ஒடுக்கமான குச்சிக் கூண்டில் அடைப்பார்கள். புகை மண்டிய குடிசையில் கூண்டுகள் வரிசையாக இருக்கும். ஒன்பது பத்து நாளுக்கு ஒருமுறை வாலையும் பின்னங்கால்களையும் இழுத்துப் பிடித்து, பையைப் பிதுக்கி, சிறு கரண்டியால் சுரண்டுவார்கள். ஒரு தடவைக்குக் கிடைப்பது ஒரு தேக்கரண்டி அளவு. சேர்த்ததை மாட்டுக் கொம்பில் அடைத்து, வாயைத் தோலால் மூடிச் சந்தைக்கு அனுப்புவார்கள். கூண்டில் அது குட்டி போடுவது அரிது. ஒன்று செத்தால் காட்டிலிருந்து இன்னொன்று. பிடித்த சில வாரத்திலேயே பல செத்துப் போயின என்று 1990களின் இறுதியில் அங்கே போய்ப் பார்த்த விலங்கு நல அமைப்பினர் வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் ஐரோப்பாவில் இதைப் பற்றிப் பெரிய பேச்சு எழுந்தது.

வளர்த்துப் பணம் பண்ணலாம் என்ற ஆசை வெள்ளைக்காரர்களையும் விடவில்லை. ராபின்சன் குரூசோ கதை எழுதிய டேனியல் டிஃபோ 1692இல் லண்டன் அருகே ஏறத்தாழ 70 புனுகுப் பூனைகளைக் கடன் பணத்தில் வாங்கினார். அதே ஆண்டில் கடன்காரர்கள் சூழ்ந்துகொள்ள, திவாலானார்.

இத்தனை பாடு எதற்கு? வெறும் புனுகை மூக்கருகில் கொண்டுபோனால் குடலைப் புரட்டும். மலநாற்றம் என்றே சொல்ல வேண்டும். அதையே சாராயத்தில் கரைத்து, மிகமிக நீர்த்துப்போகச் செய்தால் இதமான, சூடான ஒரு மணம் கிடைக்கிறது. அதைவிட முக்கியம் அது செய்யும் வேலை. தலையில் வைத்த மல்லிகை சாயங்காலத்துக்குள் மணம் போய்விடுகிறது. பூவின் வாசனைப் பொருள் இலேசானது. சட்டென்று காற்றில் பறந்துவிடும். புனுகு கனமானது, மெதுவாகப் போவது. அதைச் சேர்த்தால் இலேசான வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொரு வேடிக்கை சொல்கிறோம், பெண்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. புனுகில் இருக்கும் 'இன்டோல்' என்ற பொருள் மலத்திலும் இருக்கிறது, மல்லிகைப் பூவிலும் இருக்கிறது. அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

புனுகின் உயிர்நாடி எது என்று நெடுநாள் யாருக்கும் தெரியாது. லியோபோல்டு ருசிக்கா என்ற வேதியியலர், சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்தவர், 1926இல் அதைக் கண்டுபிடித்தார். சிவெட்டோன் என்று பெயர். 17 கரி அணுக்கள் கைகோத்து வளையமாக நிற்கும் பொருள் அது. அதுவரை, எட்டு அணுவுக்குமேல் சேர்த்து வளையம் கட்டினால் நிலைக்காது என்றே வேதியியலர்கள் நம்பியிருந்தார்கள். ஒரு விலங்கின் வாலடியில் இயற்கை அதை எப்போதோ கட்டி வைத்திருந்தது! இந்த வகை ஆராய்ச்சிகளுக்காக ருசிக்கா 1939இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அமைப்பு தெரிந்துவிட்டால் ஆய்வுக்கூடத்தில் செய்துவிடலாம். செய்தார்கள். பெரிய வாசனை நிறுவனங்கள் மெல்ல மெல்ல விலங்கை விட்டுவிட்டு ஆலைச் சரக்குக்கு மாறின.

இங்கேதான் நமக்கு நெருக்கமான செய்தி வருகிறது. சிவெட்டோனை எதிலிருந்து செய்யலாம்? மலேசியாவில் பாங்கியில் இருந்த எண்ணெய்ப்பனை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் செம்பனை எண்ணெயிலிருந்தே அதைச் செய்து காட்டி, 1994இல் ஓர் அமெரிக்க ஆய்விதழில் வெளியிட்டார்கள். அந்தக் கழகம் 2000இல் மலேசிய செம்பனை வாரியத்தில் சேர்ந்துவிட்டது.

எப்படிச் செய்தார்கள் என்பதைப் பள்ளிக்கூடம் போகாதவர்களும் புரிந்துகொள்ளலாம். செம்பனை எண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு ஓலியிக் அமிலம். அது 18 கரி அணுக்கள் கோத்த ஒரு சங்கிலி. நட்டநடுவில் மட்டும் ஒரு இரட்டைக் கொக்கி. சங்கிலியின் ஒரு முனையில் அமிலப் பகுதி, மறுமுனை வெறுமை. இரண்டு சங்கிலிகளை எடுத்து நடுக் கொக்கியில் கழற்றி, அமிலமுள்ள பாதியையும் அமிலமுள்ள பாதியையும் சேர்த்து மாட்டினார்கள். இப்போது இரண்டு முனையிலும் அமிலப் பகுதியுள்ள 18 அணுச் சங்கிலி. அதை வளைத்து முனையோடு முனை சேர்த்தார்கள். சேரும் வேலையில் ஓர் அணு கரியமில வாயுவாகக் கழன்றுபோக, மிச்சம் 17 அணு வளையம். அதுதான் புனுகின் வாசனை. மரநாய் இரவில் தின்பதும் செம்பனைப் பழம், நீங்கள் பகலில் வெட்டிப்போடும் குலையும் அதே பழம் என்பதை நினைத்தால் எங்களுக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, ஆச்சரியமாகவும் இருக்கிறது.

போலீஸ் வருமா? வரலாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மரநாயைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். புனுகுப் பூனை இனங்களுக்கும் காப்பு உண்டு. சிங்கப்பூரிலும் வனவிலங்குச் சட்டம் 2020இல் இறுக்கமாக்கப்பட்டது. அனுமதியில்லாமல் பிடிப்பதோ கொல்வதோ கூடாது, தீனி வைக்கவும் கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம். பிடித்துக் கொடுத்தால் மோட்டார் சைக்கிள்காரர் போய்விடுவார். கூண்டு உங்கள் லயத்தில் இருக்கும். கேள்வியும் உங்களிடம்தான் கேட்கப்படும்.

சட்டத்தை விடுங்கள், உடம்பையும் பார்க்க வேண்டும். 2003இல் சார்ஸ் நோய் வந்தபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றி 33 பேர் இறந்தார்கள். அந்த நோய்க்கிருமி தென்சீனச் சந்தைகளில் உயிரோடு விற்ற வேறோர் இன மரநாயிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே 2004 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். கிருமியின் பிறப்பிடம் ஒருவகை வௌவால் என்பது பிறகுதான் தெளிவாயிற்று. வௌவாலிடமிருந்து வந்ததை மனிதர்வரை கொண்டு சேர்த்தது, பிடித்து அடைத்து நெருக்கி விற்ற சந்தைதான். கூரையில் தன்பாட்டுக்குப் போகும் மரநாயைக் கண்டு பயப்பட வேண்டாம். கையால் பிடிக்கப் போனால் கடிக்கும், பிறாண்டும்.

சிங்கப்பூரின் கிழக்கே சிக்லாப் என்று ஒரு பகுதி. தரை வீடுகளும் மாமரமும் சப்போட்டாவும் உள்ள இடம். நகரத்துக்கு நடுவே அங்கே மரநாய்கள் வீட்டுக் கூரைக்குள் குடியிருக்கின்றன. குடியிருப்போரில் சிலர் சத்தத்தால் எரிச்சல்படுகிறார்கள், சிலர் குட்டிகளைப் பார்க்கக் குழந்தைகளைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் அங்கே சொல்லப்படும் யோசனையையே அந்த அம்மாவுக்கும் சொல்கிறோம்.

குட்டிகள் இருக்கும்போது ஓட்டையை அடைக்காதீர்கள். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் உள்ளே குட்டிகள் செத்து வீடு நாறும். இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் குட்டிகள் தாயோடு வெளியே போகத் தொடங்கும். எல்லாம் போய்விட்டன என்று உறுதியான ஓர் இரவில், விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, கூரை இடுக்கைத் தகரத்தாலோ கம்பி வலையாலோ அடையுங்கள். கூரையைத் தொடும் மரக்கிளையை வெட்டிவிடுங்கள். பழுத்த வாழையையும் பப்பாளியையும் மரத்திலேயே விட்டு வைக்காமல் பறித்து உள்ளே வையுங்கள். குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும். கோழிக்கூண்டுக்குப் பிளாஸ்டிக் வலை போதாது. இரவில் கதவை உள்ளும் புறமும் அசையாதபடி இறுக்கிச் சாத்தவேண்டும். மகன் கொண்டுவந்த மரச்சட்டம் வீணாக வேண்டாம், கோழிக்கூண்டுக் கதவுக்கு அது சரியாக இருக்கும்.